பூட்டிக் கிடந்த வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்: சுவிட்சைப் போடும் முன்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பல பெரிய வீடுகள் வருஷத்தில் ஒன்றிரண்டு தடவைதான் திறக்கும். கல்யாணம், படைப்பு, கோயில் திருவிழா என்று ஏதாவது வரவேண்டும். அப்போது இரண்டாம் கட்டில் ஏதோ ஓர் அறையில், துணி போட்டு மூடிய பென்டியம் 3 கேபினட் ஒன்று அகப்படும். உள்ளே பழைய டேலி கணக்கு இருக்கும், யாரோ ஸ்கேன் செய்துவைத்த போட்டோக்கள் இருக்கும். "ஓடுதா பார்ப்போம்" என்று ஒரு பையன் பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போடுவான். டப்பென்று ஒரு சத்தம், கருகல் வாடை. அதுவரை பிழைத்திருந்த கம்ப்யூட்டர் அந்த நொடியில்தான் போகும்.

அதனால் வரிசை முக்கியம். சுவரில் ஆரம்பித்து உள்ளே வாருங்கள். மதர்போர்டைக் கடைசியாகச் சந்தேகப்படலாம். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் பிரஷ், பேப்பர் கிளிப், 100 வாட் குண்டு பல்பு ஒன்று ஹோல்டரோடு. இவை போதும்.

1. முதலில் சுவர்

பழைய வயரிங் உள்ள வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், ஆனால் மேல் ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. அந்த பாயிண்டில் கம்ப்யூட்டரைப் போட்டு, வெறுங்காலோடு நின்று கேபினட்டைத் தொட்டால் விர்ரென்று ஏறும். உடனே எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் பெட்டி) போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அநேகமாக அது அப்படியில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலிலேயே இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் இரும்பு உடம்புக்குப் போகும். மின் இரைச்சலை வடிகட்டி எர்த்தில் தள்ளுவது அவற்றின் வேலை. எர்த் இல்லையென்றால் தள்ள இடமில்லை; 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்குக் கேபினட்டிலேயே நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு சரி. ஆனால் இதே நிலையில் உள்ளே உண்மையாகவே பேஸ் கசிந்தால், ஆளுக்கே ஆபத்து.

"இந்தப் பாயிண்டுல எர்த் இல்லை ஆச்சி."

"இத்தனை வருஷமா லைட்டு எரியத்தானேப்பா செய்யுது?"

"லைட்டுக்கு வேணாம் ஆச்சி, இதுக்கு வேணும்."

வயர்மேனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் பக்கம், பேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். இதுதான் சரி. வயர் இருந்தும் அளவு தாறுமாறாக இருந்தால் எர்த் குழியைப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு உப்பும் கரியும் போட்ட குழிகூடச் சித்திரையில் காய்ந்து போகும். அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

2. திறந்து பாருங்கள்

பவர் கார்டைக் கழற்றிவிட்டு, முன்பக்கப் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பக்கத் தகடு. செம்மண் தூசி, பல்லி முட்டை, ஃபேன் வலைக்குள் குளவிக் கூடு எல்லாம் இருக்கும். பிரஷ்ஷால் தட்டுங்கள், ஈரத்துணி கூடாது.

மதர்போர்டில் நிற்கும் சின்ன உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கக்கியிருந்தாலோ அதை மாற்றாமல் மேலே போகாதீர்கள். 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் இது சகஜம். தரமில்லாத எலக்ட்ரோலைட் போட்ட கெப்பாசிட்டர்கள் அப்போது ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அதற்கும் முந்தைய 386, 486 போர்டு என்றால் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரியைத் தேடுங்கள். அது கசிந்து செப்புத் தடங்களைப் பச்சையாக அரித்திருக்கும். 1948-லேயே அடிக்கல் நாட்டி, அரிப்பையும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் காரைக்குடியில் இதற்கு மேல் விளக்க வேண்டாம். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே சுமார் 325 வோல்ட் டிசி தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். வெளிப்பக்கச் சிவப்பு ஸ்லைடு சுவிட்ச் 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மெஷினில் 115 என்று நிற்கும். அப்படியே போட்டால் முதல் டப் அதுதான்.

3. பல்பு வழியாக முதல் கரண்ட்

எஸ்எம்பிஎஸ்ஸை மதர்போர்டிலிருந்தும் டிரைவ்களிலிருந்தும் கழற்றி, வயர்மேனிடம் சொல்லி 100 வாட் பல்பைச் சீரீஸில் கட்டிக் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு நொடி எரிந்து அடங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். அந்த எஸ்எம்பிஎஸ்ஸை ஓரமாக வையுங்கள். அடங்கியதை அரைமணி அப்படியே விடுங்கள். சும்மா கிடந்த கெப்பாசிட்டரின் ஆக்ஸைடு படலம் மெலிந்திருக்கும். பல்பு பெரிய கரண்டைத் தடுப்பதால் அது வெடிக்காமல் மெல்லத் தேறும்.

4. பேப்பர் கிளிப்

இது 1995-க்குப் பிறகு வந்த ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும். அதற்கு முந்தைய ஏடி வகையில் முன் சுவிட்சுக்கே நேராக 230 வோல்ட் வரும், அங்கே விளையாட வேண்டாம்.

பல்பை எடுத்துவிட்டு நேரடி இணைப்புக்கு வாருங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு வயரில் வையுங்கள். ஊதா வயரில் 5 வோல்ட் வர வேண்டும், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும். அது இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் முடிந்தது. இருந்தால், சுமைக்கு ஒரு பழைய சிடி டிரைவை மாட்டிவிட்டு, பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பையும் கிளிப்பால் சேருங்கள். ஃபேன் சுழலும். சுமை இல்லாமல் பழைய எஸ்எம்பிஎஸ் பல ஓடவே ஓடாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை. சாம்பல் வயரில் 5 வோல்ட் பக்கம் வந்தால் "எல்லாம் சரி" என்று எஸ்எம்பிஎஸ்ஸே சொல்கிறது. மஞ்சள் 10.8 காட்டினால் ஃபேன் என்னதான் ஜோராகச் சுழன்றாலும் மாற்றிவிடுங்கள்.

5. மதர்போர்டு

கரண்டை நிறுத்தி, கிளிப்பை எடுத்துவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸை மறுபடி போர்டில் மாட்டுங்கள். ஹார்ட் டிஸ்க், டிஸ்ப்ளே தவிர மற்ற கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ப்ராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், டிஸ்ப்ளே கார்டு, சின்ன ஸ்பீக்கர் போதும். போர்டில் பவர் சுவிட்ச் வயர் நிற்கும் இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொடுங்கள். இப்போது ஓடினால் முன்பக்கப் பட்டன்தான் குற்றவாளி. பீப் விட்டுவிட்டு நீளமாக வந்தால் ராம். அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி அழுத்துங்கள். அவார்ட் பயாஸில் (பயாஸ் என்பது கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் புரோகிராம்) ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே. ராமும் கார்டும் சரியாக உட்காராததுதான் பெரும்பாலும் காரணம். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றால் எங்கோ ஷார்ட். போர்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் ஸ்க்ரூவைத் தேடுங்கள்.

போர்டில் காசு வடிவில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும். 2.7-க்குக் கீழே என்றால் புதிது போடுங்கள். திரையில் சிமாஸ் செக்சம் எரர் (பேட்டரி இறங்கி, சேமித்துவைத்த அமைப்புகள் அழிந்துவிட்டன என்ற அறிவிப்பு) வந்தால் அது கெட்ட சகுனம் இல்லை. எஃப் 1 அழுத்தி, தேதி வைத்து, ஹார்ட் டிஸ்க்கை ஆட்டோவில் விடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் மாற்றுவதானால்

பென்டியம் 3 காலத்து போர்டுகள் பல 5 வோல்ட்டிலிருந்துதான் கரண்டை உறிஞ்சும்; புதிய எஸ்எம்பிஎஸ்களில் 12 வோல்ட்தான் பலம். லேபிளில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். 24 பின் பிளக்கில் நான்கு பின் துண்டு தனியே கழன்றால் 20 பின் போர்டில் பொருந்தும். சில பிராண்டட் மெஷின்களில் பிளக் அச்சு அசலாக இருக்கும், வயர் வரிசை வேறாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து நிறம் நிறமாகப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கைக் கடைசியாக மாட்டுங்கள். டிக் டிக் என்று அடித்தால் உடனே நிறுத்துங்கள். நன்றாக ஓடினாலும் விண்டோஸ் 98 பென்டிரைவை டிரைவர் இல்லாமல் அடையாளம் காணாது. அதனால் டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக லேப்டாப்பில் மாட்டி நகல் எடுத்துவிடுங்கள். கன்வெர்ட்டர் தனி அடாப்டரோடு வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பெரிய டிஸ்க்குக்கு யுஎஸ்பி கரண்ட் மட்டும் போதாது.