ஒன்ராறியோவில் வீட்டுக்கல்வி: ஒரு கடிதமும் அதற்குப் பிறகும்

பிள்ளைகளை வீட்டில் படிப்பிக்கப் போகிறோம் என்று சொன்ன அன்றிரவே ஜேர்மனியிலிருந்து சித்தப்பா தொலைபேசி எடுத்தார். "உனக்கென்ன விசரே பிள்ளை? வீட்டுக்குப் பொலிஸ் வரும்." அவர் நாட்டு நிலவரப்படி அவர் சொன்னதில் பிழையில்லை. ஜேர்மனியில் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கச் சட்டம் விடாது. நாங்கள் இருப்பதோ கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில்.

கனடாவுக்குள்ளும் கல்வி மாகாணத்தின் பொறுப்பு. கியூபெக்கில் கற்றல் திட்டம் எழுதி அமைச்சுக்குக் கொடுக்கவேண்டும். ஆகவே மொன்றியல் மச்சாள் சொல்வதைக் கேட்டு இங்கே கலங்கவேண்டாம். நான் சொல்வது ஒன்ராறியோவுக்கு மட்டும்.

இங்கே 6 வயதிலிருந்து 18 வயது வரை கல்வி கட்டாயம். 4, 5 வயதுப் பாலர் வகுப்புகள் கட்டாயமில்லை, அந்த வயதுப் பிள்ளைக்கு எதுவும் எழுதத் தேவையில்லை. 6 வயதுக்கு மேல், வீட்டிலோ வேறிடத்திலோ திருப்திகரமான கல்வி கிடைக்கும் பிள்ளை பள்ளிக்குப் போகத் தேவையில்லை என்று கல்விச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பது 2002இல் வந்த 131ஆம் இலக்கக் கொள்கைக் குறிப்பாணையில், அதாவது மாகாணக் கல்வி அமைச்சு பள்ளிச் சபைகளுக்குக் கொடுத்த வழிகாட்டலில், இருக்கிறது. அமைச்சின் இணையத்தளத்தில் சும்மாவே எடுக்கலாம். அச்சடித்து வைத்திருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

செய்யவேண்டியது ஒரு கடிதம் எழுதுவதுதான். பிள்ளையின் பெயர், பால், பிறந்த திகதி, வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், "எங்கள் பிள்ளைக்கு வீட்டில் கல்வி வழங்க எண்ணியுள்ளோம்" என்று ஒரு வசனம், கீழே பெற்றோர் கையெழுத்து. சமாதான நீதவான் முத்திரையும் வேண்டாம், கிராம சேவகர் கடிதமும் வேண்டாம். நான் முதல்முறை மூன்று பக்கம் எழுதி, பாட அட்டவணையும் இணைத்து, கடைசியில் எல்லாவற்றையும் கிழித்துவிட்டு அரைப் பக்கத்தில் அனுப்பினேன். உங்கள் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளிச் சபைக்கு, ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 1க்கு முன் அனுப்பவேண்டும். பிள்ளை ஏற்கெனவே பள்ளியில் பதிந்திருந்தால் அதிபருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இல்லாவிட்டால் வரவில்லை என்றே பதிந்துகொண்டிருப்பார்கள். சபையிலிருந்து ஒப்புதல் கடிதம் வரும். அதைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

எங்கள் விடயத்தில் ஓர் அலுவலகத்தில் இருந்தவர், பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். அச்சடித்த குறிப்பாணையைப் பணிவாக நீட்டினேன். கடிதமே போதிய சான்று என்றுதான் அதில் இருக்கிறது. அவர் வாசித்தார், உள்ளே போனார், வந்து "சரி" என்றார். பிள்ளைக்கு உண்மையில் படிப்பு நடக்கவில்லை என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் சபை மேற்கொண்டு விசாரிக்கும். கடிதமே அனுப்ப மறுப்பது அப்படியொரு காரணமாகலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அகதிக் கோரிக்கை முடிவாகவில்லை, விசா முடிந்துவிட்டது, பேப்பர் இல்லை என்ற பயத்தில் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அதற்குப் பெயர் வீட்டுக்கல்வி இல்லை. குடிவரவு நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 49.1 பிரிவு சொல்கிறது. பயத்தில் எடுக்கும் முடிவு வேறு, விரும்பி எடுக்கும் முடிவு வேறு.

விரும்பியே எடுத்தாலும், வந்த முதல் வருடம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. புதிதாக வந்த பிள்ளைக்குப் பள்ளியில் ஆங்கிலத்துக்கென்று தனி உதவி கிடைக்கும், காசில்லாமல். சிநேகிதமும் அங்கேதான் கிடைக்கும். பனிக்காலத்தில், பேஸ்மென்ட் வீட்டில், தாயும் பிள்ளையும் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது லேசுப்பட்ட வேலையில்லை.

பணம்? வீட்டுக்கல்விக்கு மாகாணம் ஒரு சதமும் தராது. வீட்டில் படிப்பிப்பதால் மாதாமாதம் வரும் பிள்ளைகளுக்கான கொடுப்பனவு நிற்கவும் மாட்டாது. மாகாணப் பாடத்திட்டம் முழுவதும் இலவசமாக இணையத்தில் இருக்கிறது. அதைப் பின்பற்றவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பள்ளிக்குத் திரும்பும்போது இடறாது. நூலக அட்டையை முதல் வாரமே எடுத்துவிடுங்கள், ரொறன்ரோ நூலகங்களில் தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும்.

எட்டரைக்கு மணியடித்து மூன்றரைக்கு விடும் பள்ளியை அப்படியே வீட்டில் நடத்தப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், இரண்டு வாரம்தான் தாக்குப்பிடித்தது. சின்னவளுக்குப் பின்னம் ஏறவே இல்லை. ஒருநாள் புட்டுக்கு மா எடுக்கும்போது அரிசிச் சுண்டை அவள் கையில் கொடுத்து, "மூன்று சுண்டுக்குச் சொன்ன உப்பு, ஒன்றரைச் சுண்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சுண்டைப் பார்த்தாள். "பாதி" என்றாள். கொப்பியில் ஒரு கிழமை மாரடித்த விடயம்.

ஒன்பதாம் வகுப்பு வரும்போது கதை மாறும். உயர்பள்ளி டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் (பாடம் ஒன்றை முடித்தால் கிடைக்கும் புள்ளி), 40 மணி நேரச் சமூகசேவை, எழுத்தறிவுத் தேர்வு எல்லாம் வேண்டும். வீட்டில் அம்மா படிப்பித்ததற்குத் தானாகக் கிரெடிட் கிடைக்காது. பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு பாடங்கள் கேட்கும். டிவிஓ ஐஎல்சி என்ற மாகாணத் தொலைக்கல்வி நிலையம் மூலம் வீட்டிலிருந்தே கிரெடிட் எடுக்கலாம், அல்லது பள்ளியில் சேர்க்கலாம். தமிழையும் கிரெடிட் பாடமாக எடுக்க வழி உண்டு. எது என்றாலும் எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையோடு இருந்து பேசி முடிவெடுங்கள்.

நாங்கள் பேசினோம். மூத்தவன் பள்ளிக்குத்தான் போவேன் என்றான், கூடைப்பந்து அணியில் சேரவேண்டுமாம். இந்த ஓகஸ்டில் நான் அனுப்பிய கடிதத்தில் சின்னவளின் பெயர் மட்டும்தான்.