1850-க்கு முன் பெயரே எழுதப்படாத மூதாதையரைத் தேடுவது எப்படி?

என் கணவரின் சொந்த ஊர் அமெரிக்காவில் மிசோரி. "கென்டக்கியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள்" என்று மாமியார் சொல்வார். வந்தது யார், அவர் யாருடைய பிள்ளை என்று கேட்டால் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தேடி ஒருவழியாகக் கண்டுபிடித்தேன், அந்த வழியை அப்படியே எழுதுகிறேன். இணையதளத்தில் கணக்குத் தொடங்குவது, பெயர் போட்டுத் தேடுவது பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை, அது பத்து நிமிட வேலை. இலவசமாக இருக்கும் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளமே போதும், பணம் கட்டும் தளங்களுக்கு அப்புறம் போகலாம்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்க சென்சஸ் 1790-இல் தொடங்கியது. ஆனால் வீட்டில் இருந்த சுதந்திர மனிதர்கள் எல்லோரின் பெயர், வயது, பிறந்த மாநிலம் எழுதப்பட்டது 1850-இல்தான். அதற்கு முந்தைய ஆறு சென்சஸிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள்.

படி 1: 1850-இலிருந்து பின்னோக்கிக் கணக்கு

எங்கள் பாட்டனார் 1850-இல் மிசோரியின் ஹோவர்ட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருந்தார், வயது 52, பிறந்தது கென்டக்கி. அந்த வருடக் கணக்கு ஜூன் 1-ஆம் தேதி நிலவரப்படி எடுத்தது, ஆகவே அவர் 1797 ஜூனுக்கும் 1798 ஜூனுக்கும் இடையில் பிறந்தவர். அப்படியென்றால் 1840-இல் 40–50 கட்டத்திலும், 1830-இல் 30–40 கட்டத்திலும், 1810-இல் அப்பா வீட்டில் 10–16 கட்டத்திலும் ஒரு எண்ணாக இருக்க வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இதே மாதிரி ஒரு அட்டவணை போடுங்கள். வம்சாவளி மென்பொருள் எதுவும் வேண்டாம், அவை அப்பா பெயரைக் கேட்டு நச்சரிக்கும், நமக்குத் தெரியாததே அதுதான். சாதாரண கூகுள் ஷீட்டே நல்லது.

அதே வீட்டில் அதே குடும்பப் பெயரோடு 77 வயதில் ஒரு பாட்டியும் இருந்தார். 1850 படிவத்தில் உறவுமுறை எழுத மாட்டார்கள், அது 1880-இல்தான் வந்தது. அம்மாவாக இருக்கலாம், சித்தியாகவும் இருக்கலாம். அவருடைய முதல் பெயர் அந்தக் காலத்துக்கே அபூர்வமானது. அதைத் தனியாகக் குறித்து வைத்தேன், பின்னால் அதுதான் கைகொடுத்தது.

படி 2: 1840, 1830 (இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்)

1850-இல் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. அதில் பாட்டனார் பெயருக்குக் கீழே நான்கு பேர். பெயர் கிடையாது, வயதும் பாலினமும் நிறமும்தான். ஆனால் அவர் பெயர் இருந்த 1840 பக்கத்தில் அடிமைகளுக்கான கட்டமே காணோம். 1830-லும் அப்படித்தான். சரி, இவர் அதே பெயரில் வேறு யாரோ என்று முடிவு கட்டி, சரியான ஆளைத் தூக்கிப் போட்டுவிட்டு நான்கு மாதம் அடுத்தடுத்த கவுண்டிகளில் அலைந்தேன்.

காரணம் இதுதான்: 1830, 1840 படிவங்கள் இரண்டு பக்கம் சேர்ந்த ஒரே வரி. இடது பக்கத்தில் பெயரும் வெள்ளையர் கட்டங்களும் வரும். அடிமைகளின் எண்ணிக்கையும் வீட்டின் மொத்தமும் வலது பக்கத்தில். தளத்தில் அது பெரும்பாலும் அடுத்த படமாக இருக்கும். தேடல் முடிவு உங்களை இடது பக்கத்தில் கொண்டு போய் நிறுத்திவிடும், வலது பக்கம் ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்த படத்துக்குப் போய், திரையில் ஒரு காகிதத்தை நேராக வைத்து அதே வரியைப் பிடியுங்கள். 1830-இல் இடது பக்கத்தில் 7, வலது பக்கத்தில் அடிமைகள் 4, கடைசிக் கட்டத்தில் மொத்தம் 11. கூட்டல் சரியாக வந்தால்தான் வரி மாறாமல் படித்திருக்கிறீர்கள்.

அந்த 7 பேரில் ஒரு பெண் 50–60 கட்டத்தில், 1840-இல் 60–70 கட்டத்தில். நம் பாட்டியம்மாவின் வயதோடு அப்படியே ஒத்துப்போகிறது.

படி 3: அக்கம்பக்கம்

அந்தக் காலத்தில் யாரும் தனியாகக் காட்டை வெட்டப் போகவில்லை. பங்காளி, மச்சான், பழைய ஊர்க்காரர் என்று கூட்டமாகத்தான் போனார்கள். அதனால் 1830 பக்கத்தில் பாட்டனாருக்கு மேலே பத்து வீடு, கீழே பத்து வீடு எடுத்துக்கொண்டு, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தேடினேன். மூன்று குடும்பங்கள் கென்டக்கியில் மேடிசன் கவுண்டிப் பக்கம் போய் நின்றன. கணக்கெடுத்தவர் பெயர்களை அகர வரிசையில் திருப்பி எழுதியிருந்தால் இந்த வழி பலிக்காது. பக்கத்தில் எல்லாப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 4: வரிப் பட்டியல்

கென்டக்கியின் 1790, 1800 சென்சஸ் தொலைந்துவிட்டது, மிசோரியின் 1820-உம் இல்லை. ஆனால் கென்டக்கியில் 1792 முதல் வருடா வருடம் வரிப் பட்டியல் உண்டு. என்னைக் கேட்டால் சென்சஸை விட அதுதான் பொக்கிஷம். நிலம் எத்தனை ஏக்கர், எந்த ஓடைக்கரையில், குதிரை எத்தனை, வீட்டில் 21 தாண்டிய ஆண்கள் எத்தனை, 16 தாண்டி 21 ஆகாதவர்கள் எத்தனை, எல்லாம் ஒரே வரியில் இருக்கும்.

எங்கள் குடும்பப் பெயரில் அங்கே இரண்டு பெரியவர்கள், இரண்டு வேறு ஓடைகளில். ஒருவருக்கு 1818-இல் '16 தாண்டியவர்' கட்டத்தில் 1. 1819-இல் அந்தக் கட்டம் காலி, அதற்கு அடுத்த வரியில் புதிதாக ஒரு பெயர்: எங்கள் பாட்டனார், நிலம் இல்லை, ஒரு குதிரை. 21 வயது ஆனவுடன் தனியாக வரி கட்டியிருக்கிறார்! 1820-இல் அவர் பெயர் அங்கே இல்லை. மிசோரியில் ஃபிராங்க்ளின் ஊரில் அரசு நிலத்தை விற்கும் அலுவலகம் 1818-இலேயே திறந்துவிட்டது, இளைஞர்கள் அந்தப் பக்கம் கிளம்பிய காலம்.

ஒரே வருடப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. பதினைந்து வருடத்தையாவது வரிசையாகப் படியுங்கள்.

படி 5: கிரயப் பத்திரம்

அந்தப் பெரியவர் 1825-இல் ஓடைக்கரை நிலத்தை விற்ற பத்திரம் கிடைத்தது. நம் ஊர்ப் பத்திரத்தில் சக்குபந்தி எழுதுவது போல, ஓக் மரம், ஓடை வளைவு, பக்கத்து நிலத்துக்காரர் என்று எல்லை சொல்லியிருக்கும். முக்கியமானது கடைசிப் பத்தி. கணவர் நிலத்தில் மனைவிக்கு உரிமை இருந்ததால், அவரைத் தனியாக விசாரித்துச் சம்மதம் வாங்கி, பெயரோடு எழுதுவார்கள். எழுதியிருந்தது அதே அபூர்வமான பெயர்! இரவு ஒரு மணிக்குக் கணவரை எழுப்பிக் காட்டினேன்.

'இவர் மகன் இவர்' என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒரு வயதுக் கட்டம், ஒரு குதிரை, ஒரு கையெழுத்து என்று சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆகவே எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி, எதிராக இருப்பதையும் சேர்த்து, வம்சாவளி மரத்தில் 'பெரும்பாலும் தந்தை' என்று போட்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே போடுங்கள்.

சேர்க்கை (படித்தவர்கள் கேட்டவை)

ஆள் திடீரென்று காணாமல் போனால் அவர் நகரவில்லை, கவுண்டி எல்லை நகர்ந்திருக்கலாம். எஸ்டில் கவுண்டி 1808-இல் மேடிசன், கிளார்க் இரண்டிலிருந்தும் வெட்டி உருவாக்கியது. நியூபெரி நூலகத்தின் பழைய கவுண்டி எல்லை வரைபடத்தை வருடம் போட்டுப் பாருங்கள்.

1820 படிவத்தில் 16–18 வயது ஆண்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. அவர்கள் 16–26 கட்டத்திலும் எண்ணப்படுவார்கள். இரண்டையும் கூட்டினால் இல்லாத ஒரு மகன் முளைத்துவிடுவான்.

'சீனியர்', 'ஜூனியர்' என்றால் அப்பா, மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருந்த மூத்தவர், இளையவர், அவ்வளவுதான்.

இன்னொன்று. 1850 பட்டியலில் இருந்த அந்த நான்கு பேரின் வயதையும் பாலினத்தையும் எங்கள் மரத்தில் பாட்டனார் குறிப்போடு சேர்த்துப் பொதுவில் வைத்திருக்கிறேன், அவர்களின் வாரிசுகள் யாராவது தேடி வரலாம். அடிமைகளாக இருந்தவர்கள் எல்லோரும் பெயரோடு வந்த முதல் சென்சஸ் 1870. அந்த நால்வரில் 1850-இல் 9 வயதாக இருந்த சிறுமிக்கு 1870-இல் 29 இருக்கும். ஹோவர்ட் கவுண்டியின் 1870 பக்கங்களை இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.