புள்ளி விழாத பெயர்கள்: ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு

லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டுவது, பஸ் படிக்கட்டில் தொங்குவது, ஆழம் தெரியாத கிணற்றில் குதிப்பது. இவற்றுக்கெல்லாம் காலை வழிபாட்டில் அறிவுரை சொல்கிறோம். ‘இந்தப் பள்ளியில் என்னைத் தேட ஒருவர் இருக்கிறார்’ என்ற எண்ணம் அதைவிடப் பலமான காப்பு. அமெரிக்காவில் 7 முதல் 12ஆம் வகுப்பு வரை சுமார் 12,000 பேரிடம் நடத்தி 1997இல் வெளியான ஆய்வில், பள்ளியோடு ஒட்டுதல் கூடிய பிள்ளைகளிடம் மது, புகை, வன்முறை, தற்கொலை எண்ணம் எல்லாமே குறைவாக இருந்தன.

இந்த ஒட்டுதலை வளர்க்க முதல் வேலை, வகுப்பின் எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதுவது. மாணவர் கண்ணில் அது படக்கூடாது. பாட ஆசிரியர்கள், பி.இ.டி. ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர் எல்லோரும், மதிப்பெண்ணைத் தாண்டி ஏதாவது தெரிந்த பிள்ளைக்கு மட்டும் புள்ளி வைக்கட்டும். முதல் ரேங்க்காரருக்கும் சேட்டைக்காரருக்கும் புள்ளிகள் குவியும். நடு பெஞ்சில் சத்தமில்லாமல் இருப்பவருக்கு ஒன்றும் விழாது. அப்படி விடுபட்டவர்களை ஆசிரியருக்கு இரண்டு மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 10 பள்ளி நாள், தினம் 2 நிமிடம் பேச்சு. “முடி ஏன் வெட்டலை?” என்று தொடங்கினால் மூன்றாம் நாளே உங்களைக் கண்டு ஒதுங்குவார்கள். ஊர், கபடி, வீட்டு ஆடு, எதுவானாலும் சரி.

பிறகு ஒரு உண்மையான பொறுப்பு கொடுங்கள்: விளையாட்டு அறைச் சாவி, மணி அடிப்பது. தப்பு செய்தால் அதைப் பிடுங்காதீர்கள். “டி.சி. கொடுத்துடுவேன்” என்ற மிரட்டல் இருக்கிற ஒட்டுதலையும் அறுத்துவிடும். இரண்டு நாள் வராவிட்டால் போன் போடுங்கள், “ஏன் வரலை?” அல்ல, “ரெண்டு நாளா உன்னைக் காணோமேப்பா” என்று.

திங்கட்கிழமை முழங்கையில் சிராய்ப்போடு வந்தால் தனியே கூப்பிட்டு விசாரியுங்கள். வெட்டிக்கொண்ட தழும்போ சாவைப் பற்றிய பேச்சோ இருந்தால் ரகசியம் காப்பதாக வாக்குத் தராதீர்கள். அன்றே தலைமை ஆசிரியரிடம் சொல்லி, 14416 மனநல உதவி எண்ணையும் அழையுங்கள். 18 வயதாகாத பிள்ளை பைக் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

விபத்து நடக்கும் இடத்தில் நாம் இருப்பதில்லை, நண்பன்தான் இருப்பான். அதனால் “நீ ஓட்டினா நான் ஏறமாட்டேன்டா” என்று சொல்லிப் பழக வகுப்பில் நடித்துப் பார்க்க வையுங்கள். முதலுதவியையும் கையால் செய்து பழக்குங்கள்: ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, நடுவில் எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் அழுத்துவது, வண்டியிலிருந்து விழுந்தவரின் கழுத்தை அசைக்காமல் 108ஐ அழைப்பது.