யூரியா மூட்டையிலிருந்து மோல் கணக்கு

நெல்லில் ஆயிரம் மணிகளின் எடை தெரிந்துவிட்டால், மூட்டையை நிறுத்தே அதில் ஏறத்தாழ எத்தனை மணிகள் இருக்கும் என்று சொல்லிவிடலாம். மோல் என்பதும் அணுக்களையும் மூலக்கூறுகளையும் எடையைக் கொண்டு எண்ணும் முறைதான். ஆயிரத்துக்குப் பதிலாக இங்கே 6.02214076 × 10²³ என்ற அவகாட்ரோ எண் நிற்கிறது. 2019 மே 20 முதல் மோலின் வரையறையே இந்த எண்தான்.

தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் சம்பா வயலுக்கு மேலுரமாக இடும் யூரியாவையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலக்கூறில் கார்பன் அணு ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு உள்ளன. முதலில் அணு நிறைகளைக் கூட்டுங்கள்: 12 + 16 + 28 + 4 = 60. ஆகவே ஒரு மோல் யூரியாவின் நிறை 60 கிராம். அடுத்து, கையிலுள்ள நிறையைக் கிராமுக்கு மாற்றி இந்த 60ஆல் வகுக்க வேண்டும்; மூட்டை 45 கிலோ என்றால், 45,000 ÷ 60 = 750 மோல். கிலோவைக் கிராமாக மாற்றாமல் வகுத்தால் விடை ஆயிரம் மடங்கு குறைந்துவிடும் என்பதால், இந்தப் படியை மனக்கணக்கில் விடாமல் தாளில் எழுதுவதே நல்லது.

ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இருப்பதால், மூட்டையில் உள்ளவை 1,500 மோல் நைட்ரஜன் அணுக்கள். அதை நைட்ரஜனின் அணு நிறையான 14ஆல் பெருக்கினால் 21,000 கிராம், அதாவது 21 கிலோ. இது 45 கிலோவில் ஏறக்குறைய 46.7 சதவீதம், மூட்டையின் மேல் 46 சதவீதம் நைட்ரஜன் என்று அச்சிட்டிருப்பதன் கணக்கு இதுவே.

அணுவா, மூலக்கூறா என்பதை எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். காற்றில் நைட்ரஜன் இரண்டிரண்டு அணுக்களாக இணைந்திருப்பதால், அதே 21 கிலோ நைட்ரஜன் வாயுவில் 750 மோல் மூலக்கூறுகளே இருக்கும்.