மாதச் சம்பளம் இல்லாத வருமானத்தில் ஓய்வுக்காலச் சேமிப்பு: தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

அரைநாள் கடை வேலை, மீதி நேரத்தில் தையல். விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டு, மாலையில் டியூஷன். பள்ளியில் பகுதிநேர வேலை, அதோடு வீட்டில் கொஞ்சம் தேன்பெட்டிகள் என்று இரண்டு மூன்று வழிகளில் குடும்பம் நடத்துபவர்கள் குமரி மாவட்டத்தில் ஏராளம். இவர்களில் பலருக்குச் சம்பளத்தில் பி.எஃப். பிடித்துக் கட்டுவதற்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. 60 வயதுக்குப் பிறகு கையில் எது வரவேண்டுமானாலும் அதை இன்றைக்கு இவர்களேதான் எடுத்துவைக்க வேண்டும். நானும் மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்கு அரைநாள் கணக்கெழுதிக்கொண்டு, ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்துத் தொழில் செய்பவன் என்பதால், எனக்காக இந்த ஏற்பாட்டைச் செய்து முடித்த வரிசையிலேயே இங்கு விளக்குகிறேன். வங்கிக் கணக்கு தொடங்குவதும், ஓ.டி.பி. கொடுத்து இணையதளத்தில் நுழைவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சேமிப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது, எதில் வட்டி அதிகம் என்பதுதான். வருமானம் ஏறி இறங்குபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்பது என் உறுதியான கருத்து. பணம் வரும் மாதத்தில் கூடுதலாகக் கட்ட இடம் தருகிறதா, வராத மாதத்தில் கட்டாமல் விட்டால் கணக்கு கெடாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அஞ்சலகத் தொடர் வைப்பை, அதாவது ஆர்.டி.யை, நான் ஒதுக்கிவிட்டதற்குக் காரணம் இதுவே: அதில் மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்ட வேண்டும், தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், நான்கு தவணைகள் தவறினால் கணக்கு நின்றுபோகும். மாதச் சம்பளக்காரருக்கு அது நல்ல திட்டம், நமக்குப் பொருந்தாது.

படி 1: வருமானத்தை மாதவாரியாக எழுதுங்கள்

ஆண்டு வருமானம் எவ்வளவு என்று தெரிந்தால் போதாது. எந்த மாதத்தில் எவ்வளவு என்பதுதான் தேவை. தேன் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து மாசி, பங்குனியில் புதுத் தளிர் விடும்போது, தளிரின் காம்பில் ஊறும் இனிப்பைத் தேனீக்கள் எடுப்பதால், ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் தேன் வரத்து. மழைக்காலம் வந்தால் பெட்டிகளைக் காப்பாற்றச் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். அப்போது வரவு இல்லை, செலவு மட்டும் உண்டு. பால்வெட்டுக்காரருக்கோ இலை உதிரும் காலத்திலும் கனமழையிலும் வேலை குறையும். தையல் தொழிலில் பள்ளி திறக்கும் ஜூனும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களும் உச்சம். டியூஷனுக்கு மே மாதம் வெறுமை.

ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே வரவு, தொழிற்செலவு, மீதி என்று மூன்று எண்களை எழுதுங்கள். இதற்குச் செயலி எதுவும் வேண்டாம். நீளவாக்கில் கோடு போட்ட ஒரு கணக்கு நோட்டே மேல், ஏனெனில் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது அதில்தான் எளிது. மீதித் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை ஓய்வுக்காலத்துக்கு என்று நான் வைத்திருக்கிறேன். உங்களால் பத்தில் ஒன்றுதான் முடியுமென்றால் அதுவும் சரிதான். ஆனால் பணம் கைக்கு வந்த அன்றே அந்தப் பங்கு வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும்.

படி 2: எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒன்றாக்குங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடந்து போக வேண்டாம். என் விண்ணப்பம் நெடுநாள் நின்றுபோனது இந்த இடத்தில்தான். எனக்குத் தெரிந்த பலருக்கும் இங்கேதான் நின்றது.

நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் உண்டு, குடும்பப்பெயர் கிடையாது. ஆனால் பான் அட்டை விண்ணப்பத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறும் இனிஷியலால் நிரப்ப முடியாது என்பதால், தந்தையின் முழுப்பெயர் அங்கே ஏறிவிடுகிறது. செல்வராணி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஆதாரில் அவர் ‘செல்வராணி ஆர்’ என்று இருப்பார்; பான் அட்டையில் ‘செல்வராணி ராஜய்யன்’ ஆகியிருப்பார்; பள்ளிக்காலத்தில் தொடங்கிய வங்கிக் கணக்கில் ‘ஆர். செல்வ ராணி’ என்று நடுவில் ஓர் இடைவெளியோடு பதிந்திருக்கும். மனிதர் பார்த்தால் மூவரும் ஒருவரே என்று தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இதே கதைதான்.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில், அதாவது என்.பி.எஸ்.ஸில், உங்கள் வங்கிக் கணக்குக்கு ஒரு சிறு தொகையை அனுப்பி, அக்கணக்கில் உள்ள பெயரும் திட்டத்தில் பதிந்துள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் முறை இருக்கிறது. இதைப் பென்னி டிராப் என்பார்கள். சேரும்போது எப்படியோ தப்பிவிட்டாலும், பணத்தைத் திரும்ப எடுக்கும் நாளில் இந்தச் சோதனை மறுபடி வரும். 60 வயதில் அலைவதைவிட இப்போதே சரிசெய்துவிடுவது எவ்வளவோ நல்லது.

திருத்தும் வரிசை முக்கியம். முதலில் ஆதார், அதன்பின் பான், கடைசியாக வங்கி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், எந்த வடிவம் நிலையாக இருக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதி முடிவு செய்த பிறகே மையத்துக்குச் செல்லுங்கள். இனிஷியலை விரித்துத் தந்தையின் முழுப்பெயரோடு எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். பானுக்கும் அது பொருந்தும், பிற்காலத்தில் வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் கடவுச்சீட்டுக்கும் பொருந்தும். ஆதார் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகத் தகவல் வந்தபின், அதையே சான்றாக வைத்துப் பான் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டின் நகலோடு வங்கிக் கிளைக்குச் சென்று கே.ஒய்.சி. விவரத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பெயரை மாற்றிவிட்டோம் என்று வாய்மொழியாகச் சொல்வதை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாமல், புதிய பாஸ்புக் பக்கத்தை அச்சிட்டு வாங்கி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

படி 3: பி.பி.எஃப். கணக்கு

என் ஏற்பாட்டின் அடித்தளம் பொது வருங்கால வைப்பு நிதிதான். அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். ஒருவர் பெயரில் ஒரே கணக்குதான் இருக்க வேண்டும். ஓர் ஆண்டில் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். இந்த எல்லைக்குள் எந்த மாதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், மாதக் கட்டாயம் எதுவும் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கென்றே வகுத்ததுபோல் இருக்கும் விதி இது. 2020 ஏப்ரல் முதல் இதன் வட்டி 7.1 விழுக்காடு. வட்டிக்கு வரி கிடையாது. கணக்கு 15 ஆண்டுகளில் முதிர்ந்தபின், ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம். கடனுக்காக நீதிமன்ற ஆணையின் பேரில் இந்தப் பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்பது, தொழிலுக்குக் கடன் வாங்குவோர் கவனிக்க வேண்டிய பாதுகாப்பு.

ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி கணக்கிடப்படுகிறது. ஆகவே 16,000 ரூபாயை ஏப்ரல் 4ஆம் தேதி கட்டுபவருக்கு அந்த மாத வட்டி கிடைக்கும். 6ஆம் தேதி கட்டுபவருக்கு ஏறத்தாழ 95 ரூபாய் குறையும். தேன் விற்ற பணம் மார்ச் இறுதியில் கைக்கு வந்தால், ஏப்ரல் முதல் நாட்களில் கட்டிவிடுங்கள். ஆண்டு முழுவதற்கும் வட்டி கிடைக்கும். ஆண்டுதோறும் இப்படி 16,000 ரூபாய் கட்டிவந்து, வட்டி 7.1 விழுக்காட்டிலேயே நீடித்தால், 15 ஆண்டுகளில் நீங்கள் கட்டிய 2,40,000 ரூபாய் ஏறக்குறைய 4,34,000 ரூபாயாகியிருக்கும்.

வரவே இல்லாத ஆண்டிலும் அந்த 500 ரூபாயை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால், ஆண்டுக்கு 50 ரூபாய் அபராதத்தோடு நிலுவையைக் கட்டித்தான் கணக்கை உயிர்ப்பிக்க முடியும்.

படி 4: வயது 40க்குள் என்றால் அடல் பென்ஷன்

2015இல் தொடங்கிய அடல் பென்ஷன் யோஜனாவில் 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். 2022 அக்டோபர் முதல் வருமான வரி செலுத்துவோர் புதிதாகச் சேர முடியாது. 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, நீங்கள் தேர்ந்தெடுத்த தொகை உறுதியாக வரும். உங்களுக்குப் பின் வாழ்க்கைத்துணைக்கும் அதே தொகை. 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு, 25 வயதில் சேர்பவர் மாதம் 376 ரூபாயும், 30 வயதில் சேர்பவர் 577 ரூபாயும், 35 வயதில் சேர்பவர் 902 ரூபாயும் கட்ட வேண்டும்.

விண்ணப்பத்தில் மாதம், காலாண்டு, அரையாண்டு என்று மூன்று கட்டங்கள் இருக்கும். பெரும்பாலானோர் பழக்கத்தில் மாதத்தைக் குறித்துவிடுகிறார்கள். பருவ வருமானம் உள்ளவர்கள் அரையாண்டைக் குறித்து, தவணைப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் முன்கூட்டியே போட்டுவைப்பது நல்லது. கணக்கில் பணம் இல்லாத நாளில் பிடித்தம் வந்தால் அபராதம் சேரும். இன்னும் 25, 30 ஆண்டுகள் கழித்து 5,000 ரூபாயின் மதிப்பு இன்றைய அளவுக்கு இருக்காது என்பதால், இதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். மருந்துச் செலவுக்கு உறுதியான ஒரு தொகை என்ற அளவில் இது மிகவும் பயனுள்ளது.

மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருந்து, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லாதவர்கள் பொதுச் சேவை மையத்தில் பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தையும் விசாரியுங்கள். அதில் வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை நாம் கட்ட, அதே அளவு தொகையை மத்திய அரசு சேர்க்கிறது. 60க்குப் பின் மாதம் 3,000 ரூபாய்.

படி 5: என்.பி.எஸ்.

2009 மே மாதம் முதல் இத்திட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்திருக்கிறது. பெயர்கள் பொருந்திவிட்டால், ஆதாரும் பானும் கொண்டு இணையத்திலேயே பதிந்து, பிரான் என்ற 12 இலக்க எண்ணைப் பெற்றுவிடலாம். ஓய்வூதியத்துக்கான முதன்மைக் கணக்கில், அதாவது முதல் அடுக்குக் கணக்கில், ஆண்டுக்குக் குறைந்தது 1,000 ரூபாய் கட்ட வேண்டும். மாதக் கட்டாயம் இங்கும் இல்லை. முதலீட்டுப் பங்கீட்டை நீங்களே முடிவு செய்யலாம், அல்லது வயதுக்கேற்பப் பங்குச்சந்தை அளவைத் தானாகக் குறைக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். தொடங்குவோருக்கு இரண்டாவதே சரி. சந்தையைக் கவனிக்க நேரமில்லாதவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

பணம் கட்டுவதற்கு டி-ரெமிட் என்ற வழியை அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரானுக்கென்று ஒரு மெய்நிகர்க் கணக்கு எண் தருவார்கள். அதை வங்கிச் செயலியில் பயனாளியாகச் சேர்த்துவிட்டால், தேன் வியாபாரி பணம் போட்ட நிமிடத்திலேயே 500 ரூபாயோ அதற்கு மேலோ மாற்றிவிடலாம். ஒவ்வொரு முறையும் இணையதளத்துக்குள் நுழைந்து கட்டுவதைவிட இது எளிது. எளிதாக இருந்தால்தான் தொடர்ந்து செய்வோம்.

வெளியேறும் விதி அண்மையில் மாறியிருக்கிறது. முன்பு 60 வயதில் சேர்ந்த தொகையின் 40 விழுக்காட்டுக்குக் கட்டாயமாக ஆன்யுட்டி, அதாவது காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்துத் தவணைகளாக ஓய்வூதியம் பெறும் திட்டம், வாங்க வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி, அரசு ஊழியர் அல்லாதோருக்கு அது 20 விழுக்காடாகக் குறைந்துள்ளது; மொத்தத் தொகை 8 லட்சம் வரை இருந்தால் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். பழைய விளக்கங்களைப் படித்து, பணம் மாட்டிக்கொள்ளுமே என்று தயங்கியவர்கள் இதை மறுபடி பரிசீலிக்கலாம்.

வரிச்சலுகை பற்றி இரண்டு வரி: சேமிப்புகளுக்கான ஒன்றரை லட்சம் வரிக்கழிவு வரம்புக்கு மேல் என்.பி.எஸ்.ஸுக்குக் கூடுதலாக 50,000 ரூபாய்க் கழிவு என்று முகவர்கள் சொல்வது பழைய வரி முறைக்கே பொருந்தும். புதிய முறையில் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரியே வராத நிலையில், நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கழிவால் பயன் இல்லை. வரிக்காக எந்தத் திட்டத்திலும் சேராதீர்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கணவர் வளைகுடாவில் இருக்கிறார், நான் வீட்டில் தைக்கிறேன், யார் பெயரில் தொடங்குவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். வெளிநாடுவாழ் இந்தியர் புதிதாக பி.பி.எஃப். தொடங்க முடியாது, ஏற்கெனவே இருப்பதை முதிர்வு வரை நடத்தலாம், நீட்டிக்க முடியாது. ஆகவே பி.பி.எஃப். ஊரில் இருக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும். என்.பி.எஸ்.ஸில் அவரும் சேரலாம்.

சென்னையிலோ கோவையிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், பழைய பி.எஃப். பணத்தை எடுத்து இதில் போடலாமா என்று கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். பி.எஃப்.இல் உள்ள ஓய்வூதியப் பகுதிக்கு 10 ஆண்டுச் சேவை இருந்தால் பிற்காலத்தில் மாத ஓய்வூதியம் உண்டு. குறைவாக இருந்தால், பணமாக எடுக்காமல், வேலை பார்த்த ஆண்டுகளைப் பதிந்து தரும் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு, மீண்டும் பி.எஃப். உள்ள வேலையில் சேரும்போது அந்த ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பள்ளியிலோ மருத்துவமனையிலோ பகுதிநேரமாகச் சேர்ந்து பி.எஃப். பிடித்தம் தொடங்கினால், பழைய யு.ஏ.என். எண்ணையே, அதாவது வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணையே கொடுங்கள்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு அடல் பென்ஷனும் மான்தனும் இல்லை. அவர்கள் பி.பி.எஃப்.இல் பெரும்பங்கும் என்.பி.எஸ்.ஸில் சிறுபங்கும் வைக்கட்டும். இவற்றைவிட அதிக வட்டி தருவதாகச் சொல்லும் தனியார் நிதி நிறுவனங்களிலும் பதிவு செய்யாத சீட்டுகளிலும் ஓய்வுக்காலப் பணத்தைப் போட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். அப்படிப் பணத்தை இழந்த குடும்பங்களை நம் எல்லைப் பகுதிகளில் பலரும் நேரில் பார்த்திருக்கிறோம்.

நாமினி பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். ஆம், எழுத்துக்கு எழுத்து. திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்காக இருந்தால், அதில் இன்னும் தாய் அல்லது தந்தையின் பெயரே நாமினியாக இருக்கிறதா என்று பார்த்து, தேவையெனில் இந்த வாரமே மாற்றுப் படிவம் கொடுத்துவிடுங்கள்.