இரண்டு எலக்ட்ரிக் கிட்டாரை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கடையில் ஒரு ஸ்ட்ராட் வகைக் கிட்டாரும் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாணி) ஒரு லெஸ் பால் வகைக் கிட்டாரும் (கிப்சன் நிறுவனத்தின் பாணி) பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும். இரண்டையும் ஆளுக்கு ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்துவிட்டு, "மஹாகனி மரம், அதான் சத்தம் கெட்டியா இருக்கு" என்று யாராவது தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் காதில் விழுந்த வித்தியாசத்துக்கு மரத்தைவிட வேறு காரணங்கள் அதிகம். ஒன்றில் கம்பி புதிது, இன்னொன்றில் துருப்பிடித்தது. ஒன்றில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) கம்பியை ஒட்டி நிற்கிறது, இன்னொன்றில் கீழே இறங்கிக் கிடக்கிறது. ஒன்று கொஞ்சம் சத்தமாக ஒலித்தது. இதையெல்லாம் முதலில் சமப்படுத்திவிட்டு, அப்புறம் மரத்தையும் பிக்கப்பையும் பற்றிப் பேசலாம்.

ஏற்கெனவே ஒரு கிட்டார் வைத்திருந்து இரண்டாவதைப் பார்க்கிறவர்களுக்கும், நண்பருடைய கிட்டாரோடு தன்னுடையதை ஒப்பிட நினைப்பவர்களுக்கும் இந்த முறை பொருந்தும். கடையில் இவ்வளவும் செய்ய விடமாட்டார்கள். ஆனால் முதல் படியையும் நான்காவது படியையும் கடையிலேயே செய்துவிடலாம்.

தேவையானவை: ஒரே வகையில் இரண்டு செட் புதுக் கம்பி, மில்லிமீட்டர் கோடு போட்ட சின்ன ஸ்கேல், பிக்கப் திருகுக்குப் பொருந்தும் திருப்புளி, ட்யூனர், ஒரு ஆம்ப், ஒரே ஒரு கேபிள், பதிவு செய்ய ஒரு போன். கேபிள் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கேபிளுக்கு மின்தேக்குத் திறன் உண்டு. நீளம் கூடக் கூட அது கிட்டாரின் மேல் ஸ்தாயிக் கூர்மையைத் தின்றுவிடும். 3 மீட்டர் கேபிளில் ஒரு கிட்டார், 6 மீட்டர் கேபிளில் இன்னொன்று என்று கேட்டால் நீங்கள் ஒப்பிடுவது கேபிளைத்தான்.

படி 1: ஆம்ப் இல்லாமல் வாசியுங்கள்

கிட்டாரை மடியில் வைத்து, எதிலும் செருகாமல் பத்து நிமிடம் வாசியுங்கள். எடை எவ்வளவு, நெக் (கிட்டாரின் கழுத்து) கைக்குள் எப்படி உட்காருகிறது, 12ஆவது ஃப்ரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேலே கை சுலபமாகப் போகிறதா என்று பாருங்கள். இந்த வகைக் கிட்டார்கள் பெரும்பாலும் 3 கிலோவிலிருந்து 4.5 கிலோவுக்குள் இருக்கும். நின்றுகொண்டு ஒரு மணி நேரம் வாசித்தால் அந்த ஒன்றரைக் கிலோ தோளுக்கு நன்றாகவே தெரியும்.

பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேளுங்கள். நெக்கும் சேர்ந்து அதிர்வதால், சில ஃப்ரெட்டுகளில் மட்டும் சுரம் சட்டென்று செத்துப்போகும். மூன்றாவது கம்பியில் 12ஆவது ஃப்ரெட்டை ஒட்டிய இடங்களில் ஸ்ட்ராட் வகைக் கிட்டார்களில் இதை அதிகம் பார்க்கலாம். பிக்கப்பை மாற்றினாலும் இது போகாது. வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டிய குறை இதுதான்.

படி 2: கம்பி, உயரம், சுருதி

இரண்டிலும் ஒரே செட் கம்பியை மாட்டுங்கள். ஃபெண்டர் வகைக் கிட்டார்கள் பெரும்பாலும் 9–42 கம்பியோடும் (முதல், ஆறாவது கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), கிப்சன் வகை 10–46 கம்பியோடும் வரும். 9ஐயும் 10ஐயும் வைத்துக்கொண்டு "இது தடிமனான டோன்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

12ஆவது ஃப்ரெட்டில், ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் இடைவெளி மெல்லிய முதல் கம்பியில் 1.6 மில்லிமீட்டர், தடித்த ஆறாவது கம்பியில் 2 மில்லிமீட்டர் என்ற அளவுக்குப் பக்கத்தில் இரண்டு கிட்டாரிலும் இருக்கட்டும். சுருதி சேர்த்த பிறகு 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிரிட்ஜில் (உடலில் கம்பிகள் முடியும் பாகம்) உள்ள சேடிலை (கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) நகர்த்திச் சரிசெய்யுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலை நெக்கிலிருந்து தள்ளிப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் நெக்கை நோக்கி முன்னுக்கு.

இங்கேயே ஒரு வித்தியாசம் கைக்குத் தெரியும். ஃபெண்டர் கிட்டாரில் நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு) பிரிட்ஜ் வரை கம்பி நீளம் 25.5 அங்குலம், அதாவது சுமார் 648 மில்லிமீட்டர். கிப்சனில் 24.75 அங்குலம், சுமார் 629 மில்லிமீட்டர். ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். கணக்குப் போட்டால் கிப்சனில் சுமார் 6 சதவீதம் குறைவு. லெஸ் பாலில் கம்பியை வளைப்பது சுலபமாக இருப்பதற்கும், ஸ்ட்ராட்டின் கீழ் ஸ்தாயிக் கம்பிகள் இறுக்கமாக ஒலிப்பதற்கும் இந்த 2 சென்டிமீட்டர் ஒரு முக்கியக் காரணம்.

படி 3: பிக்கப் உயரம்

புதிதாக வருபவர்கள் யாரும் தொடாத இடம் இது. என் கணக்கில் ஒரு கிட்டாரின் குரலை ஒரு பைசா செலவில்லாமல் மாற்றக்கூடிய இடமும் இதுதான்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும். எஃகுக் கம்பி அதன் மேல் அதிரும்போது காந்தப் புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் உண்டாகிறது. கம்பி அருகில் இருந்தால் சத்தமும் கூர்மையும் கூடும். தள்ளிப் போனால் சத்தம் குறைந்து ஒலி சற்றுத் திறந்து, மென்மையாகும். ஆனால் ரொம்பவும் நெருங்கிவிட்டால் காந்தமே கம்பியைப் பிடித்து இழுக்கும். ஸ்ட்ராட்டில் மேல் ஃப்ரெட்டுகளில் ஆறாவது கம்பியை அடித்தால், சுருதி சேராதது போல ஒரு நெளிவு கேட்கிறதா? சுருதியில் கோளாறு இருக்காது. நெக் பிக்கப்பைக் கீழே இறக்குங்கள், போய்விடும்.

அளக்கும் விதம்: கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிக்கும் பிக்கப்பின் காந்தத் தலைக்கும் இடையே ஸ்கேலை வையுங்கள். பழைய பாணி ஸ்ட்ராட் சிங்கிள் காயிலுக்கு (ஒரே சுருள் உள்ள பிக்கப்) ஆறாவது கம்பிப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், முதல் கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். ஹம்பக்கருக்கு (இரண்டு சுருள் உள்ள பிக்கப்) நெக் பக்கம் 2.4, பிரிட்ஜ் பக்கம் 1.6. இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. இங்கிருந்து இரண்டு பக்கத் திருகுகளையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி, நெக் பிக்கப்பும் பிரிட்ஜ் பிக்கப்பும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் வரும் வரை நகர்த்துங்கள். நெக் பக்கத்தில் கம்பி அதிகமாக வீசி அதிரும், பிரிட்ஜ் அருகே அசைவு குறைவு. அதனால்தான் பிரிட்ஜ் பிக்கப்பைக் கம்பிக்கு நெருக்கமாக வைக்கிறோம்.

படி 4: ஆம்பில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

ஆம்பை சுத்தமான சேனலில் வையுங்கள். டிஸ்டார்ஷன், ரிவர்ப் எதுவும் வேண்டாம். பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் நடுவில். கிட்டாரில் வால்யூமும் டோனும் முழுதாகத் திறந்திருக்கட்டும்.

போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றை ஓடவிட்டு, ஆம்புக்கு 1 மீட்டர் தள்ளி வையுங்கள். ஒரே கார்டை ஒரே வேகத்தில் அடித்து, இரண்டு கிட்டாரும் 1 டெசிபல் வித்தியாசத்துக்குள் வரும்படி ஆம்பின் வால்யூமை மாற்றுங்கள். கிட்டாரின் வால்யூமைக் குறைத்துச் சமப்படுத்தாதீர்கள். பெரும்பாலான கிட்டார்களில் அதைக் குறைத்தால் ட்ரெபிளும் சேர்ந்து குறையும். இந்தப் படியைத் தவிர்த்தால் ஒப்பீடே வீண். கொஞ்சம் சத்தமாக ஒலிக்கும் எதையும் காது "நல்ல டோன்" என்றே எடுத்துக்கொள்ளும். விற்பனையாளர்களுக்கும் இது தெரியும்.

படி 5: பிக்கப்புகளைக் கேளுங்கள்

இப்போது இரண்டிலும் நெக், பிரிட்ஜ் என ஒவ்வொரு நிலையிலும் ஒரே பத்து வினாடித் துணுக்கை வாசியுங்கள். முதலில் கையை எடுத்துவிட்டு, வெறும் இரைச்சலைக் கேளுங்கள். சிங்கிள் காயிலில் "ம்ம்ம்" என்று ஒரு உறுமல் இருக்கும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும்தான் அது. கிட்டாரோடு உடம்பைத் திருப்பிப் பாருங்கள், ஒரு திசையில் குறையும். ஸ்ட்ராட்டில் பிக்கப் மாற்றும் சுவிட்சின் 2ஆவது, 4ஆவது நிலைகளில் (நடு பிக்கப்பும் இன்னொன்றும் சேர்ந்து ஒலிக்கும்) உறுமல் அடங்கிவிட்டால், நடு பிக்கப்பை எதிர்த் திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அதே தந்திரத்தை ஒரே பிக்கப்புக்குள் செய்ததுதான் ஹம்பக்கர். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர் 1955இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1957இலிருந்து லெஸ் பாலில் வந்தது. அந்தக் கால பிக்கப்புகளின் அடியில் "Patent Applied For" (காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது) என்று ஒட்டியிருந்த சீட்டின் முதலெழுத்துகளால்தான் இன்றும் அவை 'பிஏஎஃப்' என்று பெருமையாக அழைக்கப்படுகின்றன. இரண்டு சுருள்களும் கம்பியின் இரண்டு இடங்களிலிருந்து ஒலியை எடுத்துக் கூட்டுவதால் சில உயர் அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 'கெட்டியான' குரல் பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது.

பிக்கப் பெட்டியில் போட்டிருக்கும் கிலோ ஓம் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஸ்ட்ராட் பிக்கப் 6 கிலோ ஓம், பழைய பாணி ஹம்பக்கர் 8 கிலோ ஓம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் சுருளின் செம்புக் கம்பியை மெல்லியதாக்கினாலே அந்த எண் ஏறிவிடும். ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிட்டாரில் நெக் பிக்கப்பில் பிரிட்ஜ் பிக்கப்பைவிட மெல்லிய கம்பி. அதனால் மீட்டரில் எண் தாராளமாக வரும், சத்தம் அப்படி வராது. எண்ணைவிடக் காந்தம் எது என்று கேட்பது பயனுள்ளது: அல்னிகோ 2 மென்மையானது, அல்னிகோ 5 வலுவானது, செராமிக் அதைவிடத் தாக்குவது. இதுவும் பொதுவிதிதான், சுருளைப் பொறுத்து மாறும். வால்யூம் குமிழின் அடியில் உள்ள மின்தடையையும் கவனியுங்கள்: சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கரில் 250 போட்டால் ஒலி மங்கும்.

படி 6: கண்ணை மூடிக் கேளுங்கள்

எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து, கோப்புகளின் பெயரை நண்பரிடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் ஹெட்ஃபோனில் கேட்டு எது எந்தக் கிட்டார் என்று எழுதுங்கள். சிங்கிள் காயிலும் ஹம்பக்கரும் சட்டென்று பிடிபடும். இரண்டும் ஒரே பிக்கப் வகை, ஒரே கம்பி நீளம் என்றால் பந்தயம் கட்டாதீர்கள். அதன் பிறகு ஆம்பில் கெயினை ஏற்றி இன்னொரு முறை பதிவு செய்யுங்கள். சுத்தமான ஒலியில் தெரிந்த சிறு வித்தியாசங்கள் பலவும் டிஸ்டார்ஷனில் கரைந்துபோகும்.

படி 7: கடைசியாக மரம்

இணையத்தில் சண்டை நடப்பது இங்கேதான். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: எலக்ட்ரிக் கிட்டாரில் மரத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் மேலே சொன்ன ஆறு படிகளுக்குப் பிறகு மிஞ்சுவதுதான் அந்தப் பங்கு. பிக்கப் எடுப்பது எஃகுக் கம்பியின் அசைவை. மரத்தின் ஒலியை அல்ல. கம்பியின் சக்தி எவ்வளவு வேகமாக வடிகிறது என்பதில்தான் மரமும் நெக்கின் விறைப்பும் தலையிடுகின்றன.

வரலாறும் மரத்துக்கு அவ்வளவு விசுவாசமாக இருந்ததில்லை. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் விற்ற 'வாணலி' கிட்டார் முழுக்க வார்ப்பு அலுமினியம். லெஸ் பால் என்ற கலைஞர் தன் சோதனைக் கிட்டாரை ஒரு பைன் கட்டையில் செய்து, பார்ப்பதற்குக் கிட்டார் மாதிரி இருக்க இரண்டு பக்கமும் இறக்கை ஒட்டினார். 1969இல் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்தது கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில். லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்ப்பவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் ஆஷ் மரம். 1956வாக்கில் பெரும்பாலானவை ஆல்டருக்கு மாறின. ஆஷின் துளைகளை அடைத்துத்தான் வண்ணம் பூச வேண்டும், ஆல்டரில் அந்த வேலை குறைவு. இன்று 'ஸ்ட்ராட்டின் அசல் மரம்' என்று பலர் சத்தியம் செய்வது அந்த ஆல்டரைத்தான்.

ஃப்ரெட் பலகையில் நம் ஊர் மரத்தைப் பார்க்கலாம். கிட்டார் விவரத்தில் 'இந்திய ரோஸ்வுட்' என்று இருந்தால் அது ஈட்டி மரம். 2017இல் ஈட்டியின் பேரினம் முழுவதும் சைட்டஸ் என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019இல், செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பல நிறுவனங்கள் வேறு மரங்களைத் தேடின. இன்று ஸ்குவையர், எபிஃபோன் கிட்டார்கள் பலவற்றில் இருக்கும் 'இந்தியன் லாரல்' நம் கருமருது. ஈட்டிக்கும் கருமருதுக்கும் ஒலியில் வித்தியாசம் தேடுவதைவிட, பலகை காய்ந்து ஃப்ரெட்டுகளின் முனை விரலைக் கீறுகிறதா என்று தடவிப் பாருங்கள்.

மரத்தில் நான் பார்ப்பது மூன்றுதான்: எடை, நெக் நேராக நிற்கிறதா, படி 1இல் சொன்ன செத்த சுரங்கள் எத்தனை. விலைப்பட்டியலில் மேப்பிள் மேல்பலகைக்காகக் கூடுதல் பணம் கேட்டால், அழகுக்காகக் கொடுப்பதில் தப்பில்லை. ஒலிக்காகத்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தில் நல்ல பிக்கப் செட் ஒன்று வாங்குங்கள். அதை மாற்றிய பிறகு படி 3இலிருந்து மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.