தாத்தாவின் பட்டாளத்து போட்டோ: தேடத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து குரூப் போட்டோவோடு "எங்க தாத்தா எந்தப் பட்டாளம்?" என்று கேட்டு வருபவர்கள், ஒருகாலத்தில் நான் விழுந்த அதே பள்ளங்களில்தான் வரிசையாக விழுகிறார்கள். பின்பக்கம் எழுத்து இருக்கிறதா பாருங்கள், ஸ்கேன் எடுத்து வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நடுவில் இருப்பவரின் பேட்ஜைத் தாத்தாவுக்கு மாட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நாற்காலியில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் தொப்பி பேட்ஜ் பளிச்சென்று தெரியும். உடனே படத்தில் உள்ள அத்தனை பேரையும் அந்த ரெஜிமெண்டில் சேர்த்துவிடுவார்கள். குரூப் போட்டோ என்றால் ஒரே கம்பெனி (ரெஜிமெண்டுக்குள் ஒரு சிறு படைப்பிரிவு) என்று யார் சொன்னது? டிரைவிங், சிக்னல், ஆயுதப் பயிற்சி என்று பல யூனிட்டுகளிலிருந்து வந்தவர்களைப் பயிற்சி முடிவில் உட்கார வைத்து எடுத்த படங்கள் ஏராளம்.

ஒரு குடும்பம் இப்படித்தான் 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' (ராணுவப் பொறியாளர் படை) என்று முடிவுகட்டி, பெங்களூரில் உள்ள அதன் ஆவணப் பிரிவுக்கு எழுதிப் போட்டது. மாதக்கணக்கில் காத்திருந்து வந்த பதில்: அப்படி ஒருவர் பதிவில் இல்லை. "தாத்தா பட்டாளத்துக்கே போகலையோ" என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. பாவம், போனவர்தான். அவருடைய தோள்பட்டையில் லென்ஸை வைத்துப் பார்த்தால், ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று பித்தளை எழுத்துகள். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது லாரியும் ரேஷனும் கொண்டுபோன படை. பக்கத்தில் நின்றவரின் தோளில் வேறு எழுத்து!

சிப்பாய்களின் பதிவேடுகள் அந்தந்த ரெஜிமெண்டின் ஆவணப் பிரிவில்தான் இருக்கும். சாப்பர்ஸுக்கு பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியின் வெலிங்டன். எனவே முதலில் உங்கள் ஆளின் தோள், தொப்பி, பெல்ட் கொக்கி. மற்றவர்களை அப்புறம் பார்க்கலாம். சட்டைக் கையில் இருக்கும் சின்னத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். சிவப்புக் கழுகு 4ஆவது இந்திய டிவிஷன், கறுப்புப் பூனை 17ஆவது. அவர் எந்த டிவிஷனோடு இருந்தார் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ஒரு டிவிஷனில் பல ரெஜிமெண்டுகள் உண்டு.

மார்பில் உள்ள பதக்க ரிப்பனின் நிறத்தை ஊகிப்பது

அன்று புழக்கத்தில் இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். ஃபிலிம் எது என்று தெரியாமல் ரிப்பனை வைத்துப் பதக்கம் சொல்வது வெறும் ஜோசியம். தேதியையும் பாருங்கள்: பர்மா ஸ்டார் என்ற பதக்கம் அறிவிக்கப்பட்டதே 1945இல். 1942ஆம் ஆண்டுப் படத்தில் அது எப்படி வரும்?

செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கிய படம்

பேட்ஜை அதுவே வரைந்துவிடும். அசலைப் பாருங்கள்.

போர்க் கல்லறை ஆணையப் பட்டியலில் பெயர் இல்லையே என்று கவலைப்படுவது

அது இறந்தவர்களின் பட்டியல். உங்கள் தாத்தா திரும்பி வந்தவர்.

ஃபிரேமுக்காகப் போட்டோ ஒட்டிய அட்டையை வெட்டுவது

வெட்டாதீர்கள். பெயர் வரிசையும் ஸ்டூடியோ பெயரும் இருந்தால், அந்த ஓரத்தில்தான் இருக்கும்.